இருநூற்றுப் பதினைந்து கிராம்

சிரித்துக்கொண்டே பொருளை எடுத்துக் காட்டும் கடைக்காரனை நான் நம்புவதில்லை. கயானி நகரத்தில் அந்தத் துப்பாக்கிக் கடைக்காரன் மூன்று சைலன்சர்களைக் கண்ணாடி மேசைமேல் வைத்தபோது அவன் வாயெல்லாம் பல்லாக இருந்தது. எதையோ என் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன்.

"இது ஸ்டீல், நானூத்தி எண்பது கிராம். ஆயுசுக்கும் உழைக்கும். இது அலுமினியம், முன்னூறு. இது டைட்டானியம். வெறும் இருநூத்திப் பதினஞ்சு. கையில எடுத்துப் பாருங்களேன்."

கையில் எடுத்துப் பார்ப்பதா? கோட்டுப் பையிலிருந்து என் மனைவி ரைலியின் சமையலறைத் தராசை எடுத்து மேசைமேல் வைத்தேன். கடையிலிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். டைட்டானியத்தைத் தராசில் வைத்தேன்.

"இருநூத்திப் பதினேழு காட்டுது. ரெண்டு கிராம் எங்கேருந்து வந்துச்சு?"

"தட்டுல மாவு ஒட்டியிருக்கு பாருங்க, சார்."

ரொட்டி சுடும் ரை தானிய மாவு, உண்மைதான். துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். இருநூற்றுப் பதினைந்து. அப்போதும் எனக்குச் சமாதானமில்லை. "கனம் குறைஞ்சா சத்தம் அதிகமா வரும்னு சொல்றாங்களே?"

"கொஞ்சம் வரும். வரிசையா பத்துக் குண்டு சுட்டா சீக்கிரம் சூடாயிடும். வேட்டைக்குப் போறவங்க யாரு பத்து சுடப்போறாங்க? ரெண்டு குண்டுல விழலன்னா தப்பு சைலன்சர் மேல இல்ல."

வாய்த்துடுக்கு வேறு. ஆனால் எனக்கு வேறு வழியில்லை. போன குளிர்காலத்தில் வலது தோளில் அறுவை சிகிச்சை. துப்பாக்கி முனையில் அரைக் கிலோ இரும்பைத் தொங்கவிட்டுக்கொண்டு குறி பார்க்க என்னால் முடியாது. அதைவிடப் பெரிய தலைவலி, எங்கள் வேட்டைக் கழகம் ஆகஸ்டில் போட்ட தீர்மானம். சைலன்சர் இல்லாதவருக்கு இந்த வருடம் காட்டில் நின்று சுட நிலை கிடையாது. எங்கள் நாய்க்காரன் எஸ்கோவின் சாம்பல் நிற வேட்டை நாய் ஹல்லி, வெடிச் சத்தத்துக்குத் தலையைச் சிலுப்ப ஆரம்பித்திருந்தது. அதன் காதைக் காப்பாற்ற வேண்டுமாம். நாற்பது வருடமாக என் காதில் கொய்யென்று சத்தம் கேட்கிறது, அதற்கு எவனும் தீர்மானம் போட்டதில்லை.

வேட்டைத் தலைவன் நான். பதினொரு கை ஆதரவாகத் தூக்கியபோது எதிராகத் தூக்கியது என் ஒரே கை. அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தவள் யார் தெரியுமா? வில்மா. தம்பெரே நகரத்திலிருந்து எங்கள் ஊருக்கு வந்து இரண்டு குளிர்காலம்தான் ஆகிறது. மாட்டு டாக்டர். கழகத்தில் அது அவளுக்குச் சோதனை வருடம், முழு உறுப்பினர்கூட இல்லை. வந்தவுடனே சட்டம் பேசுகிறவளை நான் எப்படி நம்புவது?

டைட்டானியத்தையே எடுத்துக்கொண்டேன். என் துப்பாக்கியின் மரைக்கு அது பொருந்துகிறதா என்று திருகிப் பார்த்துவிட்டுக் கடைக்காரன் சொன்னான். "மாட்டின பிறகு மறக்காம நூறு மீட்டர்ல பேப்பர் வச்சு மூணு குண்டு சுட்டுப் பாத்துக்கோங்க. முனையில கனம் ஏறினா குண்டு போற இடம் மாறும். ஒரு சாண்கூட இறங்கலாம்." சொல்லிக்கொண்டே தோட்டாப் பெட்டி இரண்டை என் பக்கம் நகர்த்தினான்.

அகப்பட்டான் திருடன்! இருநூறு கிராம் சாமான் குண்டை ஒரு சாண் இறக்குமாம். இரண்டு பெட்டி தோட்டா விற்பதற்கு என்னவெல்லாம் கதை கட்டுகிறார்கள். பெட்டிகளை அவன் பக்கமே தள்ளிவிட்டு வந்தேன்.

அது வியாழக்கிழமை. சனிக்கிழமை வேட்டை தொடக்கம். வெள்ளிக்கிழமை சவுனா என்னும் நீராவிக் குளியல் குடிலுக்குப் பின்னால் விறகு பிளக்கும் கட்டையைப் பார்த்து முப்பது அடியில் ஒரு குண்டு சுட்டேன். கட்டையில் பட்டது. போதும் என்று உள்ளே போய்விட்டேன்.

சனிக்கிழமை நான் ஏழாம் நிலையில். எதிரே மரம் வெட்டிய வெட்டவெளி, அதன் கடைசியில் ஒரு வாய்க்கால், வாய்க்காலுக்கு அப்பால் பிர்ச் மரக்கன்றுகள் மண்டிய புதர். புதருக்கு இடப்பக்கம், சதுப்பு நிலத்தைச் சுற்றிக்கொண்டு போனால் நானூறு மீட்டரில் எட்டாம் நிலை. அங்கே வில்மா. சோதனை வருடத்துக்காரியைத் தலைவனுக்குப் பக்கத்தில் வைப்பது வழக்கம். கண்காணிக்கத்தான்.

மூஸ் என்னும் பெரிய காட்டு மானை வேட்டையாடுவதில் எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. சின்னக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். கன்றோடு வரும் தாயைத் தொடக்கூடாது. தாயைக் கொன்றால் கன்று பனிக்காலத்தைத் தாண்டாது. சுடுவதாக இருந்தால் கன்றைத்தான் சுட வேண்டும்.

பதினொன்று பத்துக்குத் தாய் வெளியே வந்தது. வாய்க்காலைத் தாண்டிப் பிர்ச் புதருக்குள் போய் மறைந்தது. பின்னாலேயே கன்று வந்து வாய்க்கால் கரையில் நின்றது. தாய் போய்விட்டது என்று நிச்சயப்படுத்திக்கொண்டு கன்றின் தோளைக் குறிபார்த்துச் சுட்டேன். பக்கத்து அறையில் கதவைச் சாத்தியது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். நாற்பது வருடத்தில் முதல் தடவையாகச் சுட்ட பிறகும் காது காதாக இருந்தது. அடுத்த தோட்டாவை ஏற்றப் போல்ட்டை இழுக்கக் கை போனபோது எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு சத்தம் வந்தது.

தொப்.

ஈரத் துணி மூட்டையைத் தரையில் போட்ட மாதிரி. கன்று துள்ளிக்கொண்டு ஓடிவிட்டது. நான் கன்றை மறந்தேன். யார் சுட்டது? வில்மாதான், வேறு யார்? அவள் துப்பாக்கியிலும் சைலன்சர் இருக்கிறது, சத்தமும் அந்தப் பக்கமிருந்துதான் வந்தது. ரேடியோவை எடுத்தேன்.

"எட்டு, சுட்டியா?"

"இல்ல, ஏழு. நீங்க சுட்டதுதான் லேசா கேட்டுச்சு. என்ன ஆச்சு?"

"கன்னுக்குட்டி. தப்பிச்சிடுச்சு."

அவள் பொய் சொல்கிறாள் என்று அந்த நிமிடமே மனதில் எழுதி வைத்துக்கொண்டேன். எஸ்கோவும் நாயும் ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய ஆண் மூஸை மடக்கியிருந்தார்கள். சுட்ட ஒவ்வொரு குண்டும் எதன்மேலாவது பட்டதா என்று நாயை வைத்துச் சோதிக்க வேண்டும் என்பது நானே போட்ட விதி. ஆனால் பனிமழை பிடித்துக்கொண்டது, தோளும் வலித்தது. கன்றின் காலடியைப் பிடித்து இருநூறு அடி நானே போய்ப் பார்த்தேன். ஒரு சொட்டு ரத்தமில்லை, ஒரு மயிரில்லை. பிர்ச் புதருக்குள் நான் கால் வைக்கவே இல்லை. கன்றுதான் அங்கே போகவில்லையே.

ஞாயிற்றுக்கிழமை காலை எஸ்கோ போன் செய்தான். எட்டாம் நிலைக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் காக்கைகள் கூடியிருந்தன, ஹல்லி இழுத்துக்கொண்டு போனது, அங்கே தாய் மூஸ் செத்துக் கிடக்கிறது என்றான். நான் போனபோது அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். குண்டு நெஞ்சுக்குக் கீழே நுழைந்து வயிற்றைக் கிழித்துக்கொண்டு போயிருந்தது. அப்படி அடிபட்ட பிராணி உடனே சாகாது. ராத்திரி முழுக்கக் கிடந்து செத்திருக்கிறது. பக்கத்துச் சேற்றில் கன்றின் குளம்படிகள் சுற்றிச் சுற்றிப் பதிந்திருந்தன.

"பாவி," என்றேன். "சுட்டுட்டு வாயத் தொறக்காம உக்காந்திருந்திருக்கா."

"யாரச் சொல்ற?"

"இது யாரு நிலைக்குப் பின்னாடி கெடக்கு? நேத்து அவ சுட்டது என் காதுல விழுந்துச்சு எஸ்கோ. இந்த ரெண்டு காதுல."

எஸ்கோ நாயின் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தான். "நல்லா யோசிச்சுப் பேசு. நீ போலீசுக்கு அவ பேர எழுதிக் குடுத்தா கழகத்தோட போகாது. துப்பாக்கி லைசென்ஸ் போயிடும். கன்னு வச்சிருந்த தாயச் சுட்டுட்டு மறைச்சவன்னு பேர் வந்தா, எவன் தன் மாட்டப் பாக்க அவளக் கூப்பிடுவான்? அவ இந்த ஊர்ல பொழைக்கவே முடியாது."

"அத சுடறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்."

இறைச்சிக் கொட்டகையில் எல்லோரும் கூடினார்கள். முந்தின நாள் விழுந்த ஆண் மூஸ் தோலுரிந்து கொக்கியில் தொங்கியது. வில்மா கை கழுவிக்கொண்டிருந்தாள். நான் நேராகப் போய் அவள் முன்னால் நின்றேன். விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் வெளுத்தது. குற்றவாளியின் முகம் என்று நினைத்துக்கொண்டேன்.

"நான் சுடல, ஆர்வோ."

"அப்ப காத்து சுட்டுச்சா?"

"அஞ்சு தோட்டா எடுத்துட்டு வந்தேன். அஞ்சும் அப்படியே இருக்கு."

"கடையில தோட்டாவுக்கா பஞ்சம்? உன் துப்பாக்கியக் கொண்டா, மோந்து பாக்கறேன்."

"நேத்து சாயங்காலமே சுத்தம் பண்ணிட்டேன்."

"கேட்டுக்குங்கப்பா!" என்று மற்றவர்கள் பக்கம் திரும்பினேன். "சுடாத துப்பாக்கிய சுத்தம் பண்ணியிருக்கா."

"நனைஞ்ச துப்பாக்கியத்தான் சுத்தம் பண்ணினேன். நாள் பூரா பனிமழை. நீங்க பண்ணலியா?" அவள் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வயித்துல அடிபட்ட மாடு எப்படித் துடிக்கும்னு இங்க யாரையும்விட எனக்கு நல்லாத் தெரியும். நான் அதச் செஞ்சிருந்தா ரேடியோவுல அழுதிருப்பேன். நீங்க எல்லாரும் கேட்டிருப்பீங்க."

"பிரமாதமா நடிக்கிற," என்றேன்.

வில்மா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். அவளைக் கழகத்திலிருந்து நீக்க இரண்டு மணிக்கு வாக்கெடுப்பு என்று அறிவித்தேன். அதற்குப் பிறகு போலீசுக்குப் போன் செய்ய வேண்டியது தலைவன் பொறுப்பு. அதற்குப் பிறகு கன்றைத் தேட வேண்டும். தாயில்லாத கன்றைப் பட்டினியில் சாக விடாமல் சுட்டுவிடுவதும் எங்கள் கடமைதான்.

எஸ்கோ என்னைக் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனான். "யோவ், இன்னிக்கு அந்தக் கன்னு முன்னாடி நின்னா திரும்பவும் கோட்ட விடுவியா? புது சைலன்சர மாட்டிக்கிட்டு வந்தியே, குறி சரி பாத்தியா இல்லையா?"

"பாத்தேன், பாத்தேன்."

"எங்க?"

"சவுனாவுக்குப் பின்னாடி."

"முப்பது அடியிலயா? அட கிறுக்கா! ஓட்டெடுப்புக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. கல்லுக்குழிக்குப் போய் ஒழுங்கா சுட்டுப் பாத்துட்டு வா."

இவனும் அந்தக் கடைக்காரனோடு கூட்டு போலிருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டேதான் போனேன். கல்லுக்குழியில் கழகம் குறிபார்க்க வைத்திருக்கும் வைக்கோல் உருளை ஒன்று உண்டு. வெள்ளைப் பிளாஸ்டிக் சுற்றி, மழையில் ஊறி, உள்ளே அழுகிப் போனது. அதன்மேல் ஒரு வெள்ளைத் தாளைக் குத்தி, நடுவில் சிலுவைக் குறி போட்டேன். நூற்றிருபது தப்படி நடந்து திரும்பினேன். கன்று நின்ற தூரத்துக்கு அது கிட்டத்தட்டச் சரி. மண்மேட்டில் படுத்துக் கையை ஊன்றி, மூச்சை நிறுத்திச் சுட்டேன்.

கதவு சாத்தும் சத்தம். கை போல்ட்டுக்குப் போனது.

தொப்.

"யார்ரா அது?" என்று கத்திக்கொண்டே திரும்பினேன்.

யாருமில்லை. பைன் மரங்களும் என் காரும்தான். குழியைச் சுற்றிக் கண்ணை ஓட்டினேன். யாரோ என் பின்னாலேயே வந்து என்னோடு விளையாடுகிறான் என்றுதான், சத்தியமாக, முதலில் நினைத்தேன். மறுபடி படுத்தேன். மறுபடி சுட்டேன். இந்தத் தடவை கையை அசைக்காமல் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன்.

தொப். வைக்கோல் உருளையிலிருந்து.

எழுந்து நடந்தேன். தாளில் சிலுவைக்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. ஒரு சாண் கீழே, தாளின் கடைசி ஓரத்தில், இரண்டு ஓட்டை. விரலை வைத்தால் இரண்டையும் ஒன்றாக மூடிவிடலாம்.

நாற்பது வருடமாக நான் சுட்ட குண்டு இறைச்சியில் போய்ப் படும் சத்தத்தை நான் கேட்டதே இல்லை. என் துப்பாக்கியின் வெடியே என் காதை அடைத்துவிடும். அது அடங்கும்போது பிராணி விழுந்திருக்கும், அல்லது ஓடியிருக்கும். இப்போதுதான், இந்தச் சைலன்சர் வந்த பிறகுதான், முதல் தடவையாகக் கேட்டது. கேட்டுவிட்டு அதை வில்மாவின் துப்பாக்கி என்று நினைத்தேன். கன்றின் வயிற்றுக்கடியில் போன குண்டு புதருக்குள் நின்ற தாயின் மேல் பட்டது. தாய் போகவில்லை. கன்றுக்காகக் காத்துக்கொண்டு நின்றிருக்கிறது. அடிபட்டு எட்டாம் நிலைக்குப் பின்னால் பள்ளம்வரை போய் விழுந்திருக்கிறது. ஐயோ, ராத்திரி முழுக்கக் கிடந்ததே!

கல்மேல் உட்கார்ந்துவிட்டேன். உள்ளதைச் சொல்கிறேன், முதலில் வந்த நினைப்பு நல்ல நினைப்பு இல்லை. இது எனக்கு மட்டும்தான் தெரியும். குண்டு உடம்பைத் துளைத்துக்கொண்டு வெளியே போய்விட்டது, அகப்படாது. எங்களில் பாதிப் பேர் சுடுவது ஒரே அளவுத் தோட்டா. குறிபார்க்கும் ஸ்கோப்பின் திருகைச் சில சொடுக்கு மேலே ஏற்றிக் குறியைச் சரிசெய்துவிட்டு, தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு போனால் போதும். இரண்டு மணிக்குக் கைகள் உயரும். வீட்டை விற்றுவிட்டு அவள் தம்பெரேவுக்கே திரும்பிப் போவாள். என்னைக் கேட்க ஒரு நாதி இல்லை.

திருகின் மூடியைக் கழற்றக்கூடச் செய்தேன். விரல் திருகின்மேல் இருந்தது. அப்போது நான் அவளிடம் சொன்ன வார்த்தை நினைவுக்கு வந்தது. பிரமாதமா நடிக்கிற. வெட்கம் பிடுங்கித் தின்றது. மூடியைத் திரும்ப மாட்டினேன், தாளை உருவி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு காரைக் கிளப்பினேன்.

கொட்டகையில் பட்டாணி சூப் ஆறிக்கொண்டிருந்தது, யாரும் தொட்டிருக்கவில்லை. வில்மா பெஞ்சுக் கோடியில் உட்கார்ந்திருந்தாள். கழகம் கொடுத்த ரேடியோவையும், வேட்டைக்குப் போடும் ஆரஞ்சு அங்கியை மடித்தும் மேசைமேல் வைத்துவிட்டிருந்தாள். வாக்கெடுப்பு முடிவதற்கு முன்பே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தாள் போலிருக்கிறது.

தாளைப் பிரித்து அந்த அங்கியின்மேல் வைத்தேன்.

"ஓட்டெடுப்பு கிடையாது," என்றேன். "அந்தத் தாயக் கொன்னது நான். குறி ஒரு சாண் கீழ இறங்கியிருக்கு. நான் சரி பாக்கல. கடைக்காரன் சொன்னான், கேக்கல. நாயக் கொண்டுவந்து சோதிக்கல. நேத்து நான் கேட்டது வில்மாவோட துப்பாக்கி இல்ல. என்னோட குண்டு பட்ட சத்தம்."

எஸ்கோ தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். பிறகு பக்கத்து ஆளிடம் கொடுத்தான். தாள் கை மாறிக்கொண்டே போனது. யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர்கள் முன்னாலேயே போனை எடுத்துப் போலீசை அழைத்தேன். ஒரு பெண் குரல், நிதானமாக ஒவ்வொன்றாகக் கேட்டது. எந்தக் காடு, எத்தனை மணி, என்ன பிராணி.

"வேட்டைத் தலைவர் யாரு?"

"ஆர்வோ கெம்ப்பைனன்."

"சுட்டவர் பேரு?"

"அதே பேர்தாம்மா. எழுதிக்குங்க."

போனை வைத்துவிட்டு வில்மாவிடம் போனேன். நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தினேன், மன்னிப்பும் நாலு பேர் முன்னாலேயே கேட்க வேண்டும். "தப்பு பண்ணிட்டேன் வில்மா. மன்னிச்சிடு."

அவள் அங்கியை எடுத்து மாட்டிக்கொண்டாள். ரேடியோவைத் தோளில் செருகினாள். அழுதிருந்த கண்கள். ஆனால் பேசும்போது குரல் திடமாக இருந்தது.

"துப்பாக்கிமேல சந்தேகம் வர்றதுக்கு உங்களுக்கு ஒரு நாள் ஆச்சு, ஆர்வோ. அதுவும் எஸ்கோ சொன்ன பிறகு. என்மேல வர்றதுக்கு ஒரு நொடிகூட ஆகல."

அவள் எஸ்கோ பக்கம் திரும்பினாள். "வெளிச்சம் இருக்கறப்பவே கிளம்பலாம். அந்தக் கன்னு அம்மா கெடந்த இடத்துக்குத்தான் திரும்பி வரும்."

எஸ்கோ நாயைக் கூப்பிட்டான். மற்றவர்கள் துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போனார்கள். யார் எங்கே நிற்க வேண்டும் என்று அவள்தான் சொன்னாள், யாரும் என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்கவில்லை. என் துப்பாக்கியை மேசைமேலேயே விட்டுவிட்டு, சுவரில் தொங்கிய இழுவைக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கடைசி ஆளாக நடந்தேன். கன்று விழுந்தால் அதை இழுத்து வர ஒருவன் வேண்டும்.